புகையின் பங்கு

செங்கழனியில் புகை தன் பங்கை எடுத்துக்கொள்ளத் தொடங்கிய நாள் எதுவென்று எவராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. அது எடுத்தது அவ்வளவு கொஞ்சம், எடுத்த விதம் அவ்வளவு அமைதி. ஆடி மாதத்தின் ஏதோ ஒரு காலையில் ஐந்து பேருக்கென்று உலையில் போட்ட அரிசி, வடிக்கும்போது நான்கு பேருக்கே கண்டது. மாமியார்கள் மருமகள்களைப் பார்த்தார்கள், மருமகள்கள் பானையைப் பார்த்தார்கள், பானைக்குள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஊரின் வடக்கெல்லையில் இரண்டு புகைபோக்கிகளோடு நின்ற தெய்வநாயகத்தின் புழுங்கலரிசி ஆலையில், தைத்து அடுக்கிய மூட்டைகள் தையல் பிரியாமலே ஒவ்வொன்றும் இரண்டு படி இளைத்திருந்தன. அவர் முதலில் மூட்டை தூக்குகிறவர்களைச் சந்தேகித்தார், பிறகு எலிகளை, பிறகு எடை மேடையை. கடைசியில் சந்தேகிக்க எதுவும் மிஞ்சாமல், நாற்காலியைத் தூக்கிவந்து கிடங்கு வாசலில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் தானே உட்கார்ந்து பார்த்தார், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூட்டைகள் இளைத்தன.

அந்த வாரம் சந்தை நாளான செவ்வாய்க்கிழமை காலையில், பல ஆண்டுகளாக மூடிக் கிடந்த கூட்டுறவுச் சங்கத்தின் நெல் உலர்த்தும் களத்தில், இடுப்புயர அரிசிக் குவியல் ஒன்று இருந்தது. பொன்னியும் இட்லி அரிசியும் தடித்த ரேஷன் அரிசியும் அதில் கலந்திருந்தன. ஒவ்வொரு மணிமேலும் சாம்பல் லேசாகப் பூத்திருந்தது. கையில் அள்ளி முகர்ந்தால் அடுப்பு வாசம் அடித்தது. ஒரே தண்ணீரில் களைந்தால் வெளுத்தது. காணாமல்போனதுதான் இங்கே வந்திருக்கிறது என்பதை ஊர் உடனே புரிந்துகொண்டது. எடுத்தது யார் என்பதை மட்டும் ஒரு சாவு சொல்லிக்கொடுத்தது. கீழத்தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோன வீட்டில், வழக்கப்படி அடுப்பு மூட்டாமல் மூன்று நாள் உறவினர் கொண்டுவந்த சோற்றை உண்டிருந்தார்கள். அந்த மூன்று நாளும் அந்த வீட்டு அரிசிப் பானையில் ஒரு மணி குறையவில்லை. எரிவாயு அடுப்பு வைத்திருந்த வாத்தியார் வீட்டிலும் தபால்காரர் வீட்டிலும் குறைந்ததே இல்லையென்பது அதற்குப் பிறகுதான் பேச்சில் வந்தது. எடுத்தது புகை. எங்கே புகை எழுகிறதோ அங்கே, எழுகிற அளவுக்கு, அது அரிசியில் தன் பங்கை எடுத்துக்கொண்டு களத்தில் கொண்டுவந்து போட்டது. ஏன் போட்டது என்று கேட்கத் தோன்றியவர்கள் சிலரே. யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எல்லோருக்கும் தோன்றியிருந்தது.

தாசில்தார் ஒருமுறை வந்தார். குவியலைச் சுற்றி நடந்து, இது அரசுக்குச் சேருமா என்று விசாரித்து, ஒரு பிடியைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். புகை விட்டுக்கொண்டு போன ஜீப் பிரதான சாலையை அடைவதற்குள் அவருடைய டிபன் கேரியரில் தயிர்சாதம் பாதியாகிவிட்டதென்று ஓட்டுநர் பின்னால் வந்து சொன்னார். தாசில்தார் அதன்பின் வரவில்லை.

அளப்பதற்குக் குமுதவல்லியைக் கூப்பிட்டார்கள். ரேஷன் கடையில் இருபத்திரண்டு வருடமாக எடைபோடுகிறவள். தினமும் கடை திறந்ததும் எடைக்கல்லை எடைக்கல்லால் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் அட்டையை வாங்குவாள். அவள் போட்ட சர்க்கரையில் எவரும் இதுவரை ஒரு சிட்டிகை கூடுதலாகவும் பெற்றதில்லை, குறைவாகவும் பெற்றதில்லை. அவள் பித்தளைப் படியையும் தலைதட்ட ஒரு மூங்கில் குச்சியையும் எடுத்துக்கொண்டு வந்து, குவியலைச் சுற்றிச் சாம்பலால் குறியிட்டுவிட்டு, யாருக்கு எப்படி என்று முதலில் முடிவு செய்யுங்கள், அளவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

முடிவு செய்வது அன்று எளிதாகத்தான் இருந்தது. யாருடையது போனதோ அவரவருக்கே திருப்பிக் கொடுப்பதைவிட நியாயம் வேறென்ன இருக்க முடியும் என்று தெய்வநாயகம் கேட்டார், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு செவ்வாயும் குமுதவல்லி, களத்து வழக்கப்படி ஒன்று என்று சொல்லாமல் “லாபம்” என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று அளந்து, இழந்தவருக்கு இழந்ததைக் கொடுத்தாள். குவியலில் பத்துக்கு ஒன்பது பங்கு ஆலைக்கே திரும்பிப் போனது. போனதெல்லாம் திரும்பி வருமென்று தெரிந்தபின் புகையை யார் பொருட்படுத்துவார்கள்? தெய்வநாயகம் மூன்றாவது புகைபோக்கி ஒன்றைக் கட்டினார்; வீடுகளில் ஈர விறகை வெயிலில் காயவைக்கும் சிரமத்தை விட்டார்கள்; புரட்டாசி முடிவதற்குள் குவியல் இடுப்பிலிருந்து தோளுக்கு உயர்ந்தது, கொடியில் காய்ந்த வேட்டிகள் மாலைக்குள் பழுத்தன, வகுப்பில் பிள்ளைகள் இருமுகிற இருமலில் வாத்தியார் பாடத்தை நிறுத்தி நிறுத்தி நடத்த வேண்டியிருந்தது. போனது எப்படியும் திரும்ப அவரவர் வீட்டுக்கே வந்துவிடுவதால், புகை எடுத்தும் எடுக்காததுபோல் ஆகிவிட்டது. அதை அது கவனித்திருக்க வேண்டும். மேலும் மேலும் எடுத்துக்கொண்டே இருந்தது.

அப்போது குமுதவல்லி ஒன்று சொன்னாள். திருப்பிக் கொடுப்பது தவறில்லை, எடுத்த அளவைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பதுதான் தவறு. புகை எல்லோருடைய மூக்கிலும் ஒரேபோலப் போகிறது. அரிசியும் தலைக்கு ஒரேபோலப் போகட்டும்.

ஐப்பசியிலிருந்து தலைக்கு இரண்டு படி. பிறந்த குழந்தைக்கும் இரண்டு படி, தெய்வநாயகத்துக்கும் இரண்டு படி. புகையே விடாத தபால்காரருக்கு எதற்கு என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நான் விடாததால்தானே எனக்கு என்று அவர் பையை விரித்தார். இந்த ஏற்பாட்டில் அதிகம் மகிழ்ந்தது தெற்குத் தெரு. அங்கே பவுனம்மா இருந்தாள். ஆலையின் பாய்லருக்கு உமி தள்ளுகிறவள், கணவனை இழந்தவள், மாமனார், இரண்டு பெண்கள், இளையவனான பையன் என்று ஐந்து தலை கொண்ட வீடு. மூத்தவள் இளஞ்சியம் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். விறகடுப்பு வாரத்துக்கு அரைப் படியைத் தின்றது, களம் பத்துப் படியைத் தந்தது. பவுனம்மா அந்த மிச்சத்தை ஒரு தகர டின்னில் சேர்த்தாள். பிரசவம் முடிந்து மூன்று மாதம் மகளைப் பட்டினியில்லாமல் வைத்திருக்க அந்த டின் போதும் என்று அவள் கணக்கிட்டிருந்தாள். புகையும் குறையத் தொடங்கியது. மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே அடுப்பில் ஆக்கினார்கள், அந்த அடுப்படியில் நடந்த சண்டைகள் தனியாக எழுதத் தகுந்தவை, இருந்தும் ஆக்கினார்கள்.

தெய்வநாயகம் தன் பங்குக்கு மூன்றாவது புகைபோக்கியை அணைத்தார். இரண்டாவதையும் அணைத்தார். கார்த்திகையின் முதல் வாரத்தில் பதினோரு பெண்களைக் கூப்பிட்டு, ஒரு பாய்லருக்கு இவ்வளவு பேர் வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினார். பொல்லாத மனிதர் அல்ல. சொல்லும்போது அவர்களைப் பார்க்காமல் சட்டைப்பையில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பதினோரு பேரில் பவுனம்மாவும் ஒருத்தி.

அரிசி இருந்தது, எண்ணெய் இல்லை, புளி இல்லை, இளஞ்சியத்துக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை இல்லை. பவுனம்மா டின்னிலிருந்து கொஞ்சம் எடுத்து விற்கலாமென்று சந்தைக்குப் போனாள். ஊரில் எல்லோரிடமும் தலைக்கு இரண்டு படி இருக்கும்போது அதை வாங்க யார் இருக்கிறார்கள்? போன அரிசி அப்படியே தலையில் திரும்பி வந்தது.

மார்கழியில் அந்த ஊர் ஒரு தவறு செய்தது. புகை குறையக் குறையக் குவியலும் குறைந்தது. இரண்டு படி ஒன்றரையாகி, ஒன்றேகாலை நோக்கி இறங்கியது. இது நன்மையின் அறிகுறி என்று குமுதவல்லி எவ்வளவு பொறுமையாகச் சொல்லியும், பை இலேசாவதை நன்மை என்று நம்புவது யாருக்கும் கடினமாகத்தான் இருந்தது. சிலர் யோசித்தார்கள்: பானை ஏற்றாமல் மூட்டுகிற தீயின் புகைக்கு எடுக்க எதுவுமில்லை, ஆனாலும் புகை வந்தால் அரிசி வருகிறது, ஆகவே யாருக்கும் இழப்பில்லாமல் குவியலை உயர்த்தலாம். போகியன்று கொளுத்துவது எப்படியும் வழக்கம். அந்த வருடம் ஊரிலுள்ள கிழிந்த பாய்களையும் உடைந்த முறங்களையும் லாரிப் பட்டறையிலிருந்து வண்டி வண்டியாக டயர்களையும் கொண்டுபோய், ஊர்க் கோடியில் வீடுகள் குறைவாக இருக்கிற தெற்குத் தெரு முனையில் மலைபோல் அடுக்கி, விடியும்போது தீ வைத்தார்கள். தனக்கென்று ஒரு பானை இல்லாத புகை, அருகிலிருந்த பானையிலிருந்து எடுத்துக்கொண்டது.

பொங்கலன்று காலை பவுனம்மா டின்னைத் திறந்தபோது அடியில் துருவின் வட்டம் தெரிந்தது. பக்கத்துத் தெருக்களிலிருந்து பொங்கல் வந்தது. அவள் வாங்கி எல்லோருக்கும் பரிமாறினாள், பாத்திரங்களைத் துலக்கித் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து இளஞ்சியத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோவுக்கும் குறைவு. களத்தில் யாரும் நிறுத்துப் பார்க்காமலே அந்த எடையை ஊர் முழுதும் அறிந்திருந்தது.

அடுத்த செவ்வாய் குவியல் ஆளுயரம் இருந்தது. அதன் பக்கத்தில் போக யாரும் முந்தவில்லை. பவுனம்மாவுக்கு அவளுடைய டின்னை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம் என்று தெய்வநாயகம் சொன்னார், எல்லோரும் ஆமாம் என்றார்கள். பவுனம்மா எழுந்து நின்றாள்.

“டின்னு நெறஞ்சிரும். அதுக்காக வரல. மொதல்ல மூட்டைய எண்ணிக் குடுத்தீங்க, புகை பெருத்துச்சு. அப்புறம் தலைய எண்ணிக் குடுத்தீங்க, புகை கொறஞ்சுது, கூடவே எங்க வேலையும் போச்சு. கைய எண்ணிப் பாத்தீங்களாக்கா?”

குமுதவல்லி குச்சியைக் கீழே வைத்தாள். கை என்றால் என்ன என்று தெய்வநாயகம் கேட்டார்.

“உங்க ஆலையில எத்தன பேரு வேல செய்யறாங்களோ, அத்தன பேருக்குன்னு உங்களுக்கு அரிசி குடுக்கட்டும் மொதலாளி. எவ்ளோ புகை உட்டீங்கன்னு பாத்து இல்ல. எத்தன பேர வெச்சிருக்கீங்கன்னு பாத்து. அப்போ எங்கள அனுப்ப உங்களுக்கே மனசு வராது.”

“மனசு இப்பவும் வரலம்மா,” என்றார் தெய்வநாயகம்.

“அது தெரியும். அரிசியும் கூட சேந்துக்கட்டும்னு சொல்றேன்.”

களத்தில் ஒரு சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. தன் கை வேலை செய்வதில்லை, நடுங்க மட்டுமே செய்கிறது, அதற்கு எத்தனை படி என்று வீராசாமி என்கிற வயோதிகர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் குமுதவல்லி அதற்குத்தான் நெடுநேரம் யோசித்தாள். எல்லாவற்றையும் கைக்குக் கொடுத்தால் வீராசாமி பட்டினி கிடப்பார். எல்லாவற்றையும் தலைக்குக் கொடுத்தால் பவுனம்மா வேலையில்லாமல் பாதிதான் உண்பாள். கடைசியில் குவியலின் நடுவே மூங்கில் குச்சியால் ஒரு கோடு கிழித்தாள். பாதி தலைக்கு, பாதி கைக்கு. பாதி என்பதுதான் சரியான அளவா என்பது அவளுக்கே தெரியாது. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் யாரோ ஒருவருடைய முகம் சுருங்கியது, நடுவில் வைத்தபோது எல்லோருடைய முகமும் கொஞ்சம் சுருங்கியது. அவள் அதை ஏற்றுக்கொண்டாள்.

அதன்பின் வந்த இரண்டு வருடங்களைச் செங்கழனி பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை; நன்றாக நடந்த வருடங்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? புகை வைத்துக்கொள்வது செலவாகவும் ஆள் வைத்துக்கொள்வது வரவாகவும் ஆனபோது, தெய்வநாயகம் ஒரு வியாபாரி செய்வதைச் செய்தார்: ஆட்களைக் கூட்டினார், புகையை ஒழித்தார். ஆலையின் கூரைமேல் வெயிலை வாங்கித் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கண்ணாடிகள் வந்தன. அவித்த நெல்லை இயந்திரத்தில் உலர்த்துவதற்குப் பதிலாகக் களங்களில் பரப்பி, பெண்கள் காலால் துழாவிக்கொண்டே நடந்து உலர்த்தினார்கள். பவுனம்மா உமித் தூசியிலிருந்து வெயிலுக்கு வந்தாள். வீடுகள் களத்து அரிசியில் சாப்பிட்டதுபோக மிஞ்சியதை வெளியூர் வியாபாரிக்கு விற்று, எரிவாயு அடுப்போ சாண எரிவாயுத் தொட்டியோ ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டன. வேட்டிகள் வெள்ளையாகவே காய்ந்தன. வாத்தியார் பாடத்தை ஒரே மூச்சில் நடத்தினார். ஒவ்வொரு செவ்வாயும் குவியல் தோளிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து முழங்காலுக்கும் இறங்கியது. தலைக்கு ஒரு படி அரையானது, அரை கால் ஆனது. பை கொண்டுவருவது அவசியத்துக்காக இல்லாமல் பழக்கத்துக்காக ஆனது. என்றாவது ஒருநாள் களம் வெறுமையாக இருக்கும், அன்றைக்கு ஊரோடு ஒரு பாயசம் வைக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள்.

மூன்றாம் வருடப் பங்குனியில் ஒரு செவ்வாய், சாம்பல் குறியின் நடுவில், ஒரு பறவை கொத்திவிட்டுப் போய்விடக் கூடிய அளவுக்கு அரிசி கிடந்தது. முந்நூறு பேர் வரிசையில் நின்றார்கள். அளப்பதற்கு ஒன்றுமில்லாததைச் சேர்ந்து பார்க்கலாமென்று சிரித்த முகத்தோடு வந்திருந்தார்கள். குமுதவல்லி குனிந்து, இரண்டு கையாலும் கூட்டி அள்ளிப் படியில் போட்டு, பழக்கத்தில் “லாபம்” என்றாள். தலைதட்டக் குச்சியை எடுத்தாள். தட்டுவதற்கு விளிம்புவரை அரிசி இல்லை. அப்போதுதான் அதைப் பார்த்தாள். அதில் பொன்னி இல்லை. இட்லி அரிசி இல்லை. எல்லாம் ஒரே தடித்த மணி, போன வாரம் தன் கையால் தன் தராசில் நிறுத்துக் கொடுத்த ரேஷன் அரிசி.

ஊரில் இன்னும் விறகு எரிகிற வீடு எது என்று அவள் மனத்தில் தெருத்தெருவாக நடந்து பார்த்தாள். தெற்குத் தெருவின் முனைக்கு வந்து நின்றாள்.

மழை மாதங்களில் வெயில் இல்லை, வெயில் இல்லாத நாளில் களத்துப் பெண்களுக்கு வேலை இல்லை. இளஞ்சியம் தாய்வீட்டிலேயே தங்கிவிட்டாள், அவள் குழந்தை பிறந்த எடையிலிருந்து மெதுவாகத்தான் ஏறியது. மற்றவர்களுடைய பங்கு மிஞ்சி அடுப்பாக மாறியபோது, பவுனம்மாவுடைய பங்கு மிஞ்சாமல் வாய்க்குப் போனது. எல்லோரும் புகையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தவர் இல்லை. இத்தனை காலமும் குமுதவல்லி ஒரு படியையும் கூட்டியோ குறைத்தோ அளந்ததில்லை. அளவு ஒருபோதும் பிசகவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

“பவுனு,” என்றாள். “இது உங்கூட்டு அரிசி.”

வரிசையில் நாற்பது ஐம்பது பேருக்குப் பின்னால், பையை மடித்து அக்குளில் வைத்தபடி பவுனம்மா நின்றிருந்தாள்.

“தெரியும்கா. அளங்க. வெயில் ஏறுது, எல்லாரும் நிக்கிறாங்க.”

வரிசையின் முன்னால் நின்ற தெய்வநாயகம், அவளுக்கே கொடுத்துவிடலாம் என்றார். அவருடைய முதல் யோசனைதான் அது, முன்பும் அதையேதான் சொன்னார். இப்போது அதில் தவறு எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

“இன்னிக்குக் குடுத்துருவீங்க மொதலாளி,” என்றாள் பவுனம்மா. குரலில் வருத்தம்கூட இல்லை. “நாளைக்கும் நான் அடுப்பு மூட்டணுமே.”

தபால்காரர் பையை மெதுவாக மடித்தார். வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் தன் வீட்டு அடுப்பை, நீல நெருப்பை, அதன்மேல் கரிபடாத பாத்திரத்தை நினைத்துக்கொண்டார்கள். அது எந்தக் குவியலிலிருந்து வந்தது என்பதையும், அந்தக் குவியலைப் பிரிக்கக் கையையும் எண்ணச் சொன்னது யார் என்பதையும் நினைத்துக்கொண்டார்கள். களத்தைத் தாண்டி, தெற்கே, ஊரின் கூரைகளுக்கு மேல், காலைச் சோற்றுக்கு இளஞ்சியம் மூட்டிய அடுப்பின் புகை ஒற்றை நூலாக எழுந்து நின்றது. அதற்கு முன் அந்தப் புகையை யாரும் பார்த்ததில்லை என்பதில்லை. மற்ற புகைகளோடு சேர்ந்து இருந்ததால் கண்ணில் பட்டதில்லை.

தெய்வநாயகம்தான் முதலில் திரும்பினார். அவருக்குப் பின்னால் இருந்தவர் திரும்பினார், அவருக்குப் பின்னால் இருந்தவரும். அந்தக் கடைசி அடுப்பையும் மாற்றுவோம் என்று யாரும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்யவில்லை. வரிசை கலையாமலே, வால் தலையாகி, வெறும் பைகளோடு களத்தை விட்டு இறங்கித் தெற்குத் தெருவை நோக்கி நடந்தது. எங்க போறீங்க எல்லாரும் என்று பவுனம்மா கேட்டுக்கொண்டே, வேறு வழியில்லாமல், தன் இடத்தை விடாமல் அந்த வரிசையிலேயே நடந்தாள். எல்லோருக்கும் கடைசியில் குமுதவல்லி வந்தாள். நிறையாத படியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, அதில் ஒரு மணி சிந்தாதபடி, நிதானமாக அடியெடுத்து வைத்து வந்தாள்.